எங்கிருந்து வந்தது? ஆண்டர்சன்பேட்டையின் ராச்சாப்பாடு

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் வீட்டுக்குள் தமிழ், கடைவீதியில் கன்னடம், தெலுங்கு, உருது எல்லாம் கலந்து கேட்கும். அடுப்பங்கரையும் அப்படித்தான். விருந்துச் சமையலை விட்டுவிட்டு, வேலை முடிந்து வந்த களைப்பில் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் இறக்கிவைக்கிற சாப்பாட்டையும் அதற்குத் தொட்டுக்கொள்வதையும் பற்றிய கேள்விகள் மட்டும் இந்த மாதம்.

கேள்வி: சோற்றுக்குப் பேர்போன தமிழர்கள் தங்கவயலில் ராகிக் களிக்கு மாறியது எப்படி?

பதில்: மாறவே இல்லை, வரும்போதே கொண்டுவந்தார்கள். 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி இங்கே சுரங்க வேலையை எடுத்துக்கொண்ட பிறகு, குழிக்குள் இறங்க வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றைய வட ஆற்காடு, சேலம் மாவட்டத்துக்காரர்கள். இன்றைய வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பக்கம் என்று வைத்துக்கொள்ளலாம். காவிரித் தண்ணீர் பாயாத அந்த மேட்டுநிலங்களில் அன்றாடச் சாப்பாடு கேழ்வரகுதான். நெல்லுச்சோறு பண்டிகைக்கு. வந்து சேர்ந்த கோலாரும் மழையை நம்பிய ராகிச் சீமை. ஆகவே ஊர்தான் மாறியது, சட்டி மாறவில்லை.

ராகி அதற்கும் முன்னால் எங்கிருந்து வந்தது? ஆப்பிரிக்காவிலிருந்து. எத்தியோப்பியா, உகாண்டா மலைநாடுகளில் ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முன் காட்டுப்புல்லாக இருந்ததை மனிதர்கள் பயிராக்கினார்கள். கடல் கடந்து தென்னிந்தியாவுக்கு வந்து, இங்கே தனி ரகங்களாகப் பெருகியது. 20-ஆம் நூற்றாண்டில் அந்தப் பழைய உறவு மறுபடி கூடியது. மண்டியாவில் உள்ள வி.சி. பண்ணையில் ‘ராகி லட்சுமணையா’ என்று கர்நாடகம் கொண்டாடும் விஞ்ஞானி, இந்திய ரகங்களோடு ஆப்பிரிக்க ரகங்களைக் கலந்து அதிக விளைச்சல் தரும் விதைகளை உருவாக்கினார். இந்தியா, ஆப்பிரிக்கா இரண்டையும் சேர்த்து அவற்றுக்கு ‘இண்டாஃப்’ என்று பெயர்.

கன்னடத்து முத்தைக்கும் தமிழ்வீட்டுக் களிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. முத்தைக்கு வெறும் மாவு போதும். களிக்குப் பல வீடுகளில் முதலில் ஒரு பிடி நொய்யைக் குழைய வேகவிட்டு, கொதிக்கும் அந்தக் கஞ்சியின் நடுவில் மாவைக் குவித்துக் கொட்டுவார்கள். உடனே கிளறக்கூடாது. மாவுக் குவியலின் நடுவில் துடுப்பால் ஒரு குழி போட்டு, தணலைக் குறைத்து, ஆவியில் மாவு வெந்த பிறகு சட்டியைக் காலிடுக்கில் பிடித்துக் கிண்ட வேண்டும். ஈரக்கையில் எடுத்தால் ஒட்டாமல் வந்தால் களி வெந்துவிட்டது. 100 கிராம் ராகியில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம் அளவுதான்.

கேள்வி: பஸ்சாறு செய்தால் ஒரே கொதியில் குழம்பும் பொரியலும் ஆகிவிடுகிறது. இந்தச் சிக்கனத்தைக் கண்டுபிடித்தது யார்?

பதில்: பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இல்லை. பழைய மைசூர்ச் சீமையின் குடியானவர் வீடுகள் அனைத்துக்கும் அந்தப் பெருமை போகும். கோலார், துமகூரு, மண்டியா, ஹாசன் எங்கும் களிக்கு இதுதான் ஜோடி.

தட்டைப்பயறோ பச்சைப்பயறோ ஒரு கட்டுக் கீரையோடு வேகிறது. வெந்ததும் தண்ணீரை வடித்துத் தனியே வைக்கிறார்கள். சுட்ட வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், சீரகம், மிளகு, புளி, கொஞ்சம் தேங்காய் இவற்றோடு வெந்த பயறிலேயே ஒரு கரண்டி எடுத்து அரைத்து, அந்த வடிநீரில் கரைத்துக் கொதிக்கவிட்டால் சாறு. மிச்சமிருக்கும் கீரையையும் பயறையும் கடுகு, மிளகாய் கிள்ளித் தாளித்தால் தொட்டுக்கொள்ளப் பொரியல். விறகும் மிச்சம், பாத்திரமும் மிச்சம், பயறு வெந்த தண்ணீரின் சத்தும் வீணாவதில்லை.

இதிலும் எளிது உப்சாறு. வடிநீரில் உப்பை மட்டும் போட்டுக் கொதிக்கவைத்து, மிளகாயும் பூண்டும் சேர்த்து அரைத்த காரத்தைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார்கள். யாருக்கு எவ்வளவு உறைப்பு வேண்டுமோ அவரவர் கரைத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்குத் தனியாகச் சமைக்க வேண்டிய வேலை இதனாலேயே இல்லை.

தமிழ்ச் சமையலிலும் இதற்கு உறவுக்காரர் உண்டு. கொங்குநாட்டில் கொள்ளு வேகவைத்த தண்ணீரில் ரசம் வைத்து, கொள்ளைக் கடைந்து சோற்றில் பிசைகிறார்கள். கொள்ளு இந்த மண்ணின் சொந்தப் பயறு. பல்லாரிப் பக்கம் சங்கனகல்லு போன்ற புதிய கற்கால ஊர்களைத் தோண்டியபோது, ஏறக்குறைய 4,000 ஆண்டுகளுக்கு முந்தைய, தீயில் கருகிய கொள்ளு மணிகள் கிடைத்திருக்கின்றன.

கேள்வி: மார்கழி, தை வந்தால் வீடெல்லாம் அவரைக்கொட்டை பிதுக்குகிறோம். இது தமிழ்ப் பழக்கமா, கன்னடப் பழக்கமா?

பதில்: எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தம். கிருஷ்ணகிரி, தர்மபுரி, வேலூர்க்காரர்களுக்கு அது பிதுக்கம்பருப்பு. கன்னடத்தில் ஹிதக்கித பேளே. பனிக்காலத்து மொச்சை அவரையைத் தண்ணீரில் ஊறப்போட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால் பருப்பு வழுக்கி வெளியே தெறிக்கும், தோல் கையில் நிற்கும். ஒரு குழம்புக்குப் பிதுக்குவதற்கு ஒருவர் போதாது. அதனால் பிள்ளைகள் முதல் பாட்டி வரை முறத்தைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். பிதுக்கி முடித்தால் சமையல் கால் மணி நேர வேலைதான். இளம்பருப்பு சீக்கிரம் வெந்துவிடும்.

இந்த அவரையின் காட்டு மூதாதையும் ஆப்பிரிக்காவில்தான் இருக்கிறது. ராகிக்கு முன்பா பின்பா என்று ஆய்வாளர்கள் வாதாடினாலும், இரண்டும் ஒரே தட்டில் சேர்ந்தது இந்தத் தக்காண மேட்டில்.

கேள்வி: தங்கவயல் ஆங்கிலோ இந்தியர் வீடுகளின் ‘பெப்பர் வாட்டர்’ நம்ம ரசம்தானே? பால் கறி எங்கிருந்து வந்தது?

பதில்: ரசத்தின் பிள்ளைதான். புளி, மிளகு, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் எல்லாம் அதே. அவர்கள் அதைச் சோற்றில் ஊற்றி, பக்கத்தில் வறுத்த இறைச்சி வைத்துக்கொள்கிறார்கள். வார நாளில் சுருக்காக முடிக்கிற சாப்பாடு அது.

வெள்ளைக்காரர்கள் மிளகுத் தண்ணியை ருசி பார்த்தது சுரங்கம் வருவதற்கு ஒரு நூற்றாண்டு முந்தி. ஹைதர் அலி பிடித்துவைத்த ஆங்கிலக் கடற்படைக்காரர் ஒருவர் எழுதி 1784-இல் அச்சான பாட்டில், பெங்களூரு சிறையில் தாங்கள் சாப்பிடுவதாக மிளகுத் தண்ணியும் கஞ்சியும் வருகின்றன. கைதிக்குக் கிடைத்த அந்த எளிய சாப்பாடு பின்னால் இறைச்சி, அரிசி, பருப்பு எல்லாம் சேர்ந்து லண்டன் விருந்துகளில் ‘முல்லிகட்டானி’ சூப்பாகக் கெட்டிப்பட்டது. தங்கவயலில் அது மெலிந்த பழைய உருவத்திலேயே தங்கிவிட்டது.

பால் கறி என்றதும் பசும்பாலைத் தேட வேண்டாம். கொத்துக்கறியை உருண்டை பிடித்துத் தேங்காய்க் குழம்பில் வேகவைத்தது. வடநாட்டுக் கோஃப்தாவுக்கும் நம் கோலா உருண்டைக்கும் நெருங்கிய சொந்தம். கூடவே மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சோறும், ‘டெவில் சட்னி’யும். பச்சை வெங்காயம், காய்ந்த மிளகாய், வினிகர், சர்க்கரை, உப்பு ஐந்தையும் அரைத்தால் சட்னி தயார், அடுப்பே தேவையில்லை. தங்கவயலில் பிறந்த பிரிட்ஜெட் வைட் குமார் இந்தச் சமையலைப் பல புத்தகங்களாக எழுதி வைத்திருக்கிறார்.

கேள்வி: தக்காளித் தொக்கு இருந்தால் ராச்சாப்பாட்டுக்கு வேறெதுவும் வேண்டாம். கொள்ளுப்பாட்டி காலத்தில் தக்காளி இல்லையாமே?

பதில்: அபூர்வமாக இருந்திருக்கும். தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். போர்த்துகீசியர் கப்பல்கள் வந்த பிறகே இந்தியா அவற்றைக் கண்டது. மிளகாயை நம்மவர்கள் வேகமாகச் சேர்த்துக்கொண்டார்கள். மிளகும் திப்பிலியும் கொடுத்த காரத்தை அது கொல்லைப்புறத்திலேயே விளைத்துக் கொடுத்தது. தக்காளிக்கு அந்த அவசரம் இல்லை. புளிப்புக்குத்தான் புளி, மாங்காய், மோர் என்று வரிசையாக இருந்தனவே. 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் மேசைக்காகப் பயிரானது, மெல்ல மெல்லத்தான் நம் சட்டிக்கு வந்தது. பழைய தமிழ்வீடுகள் சிலவற்றில் சிராத்தச் சமையலில் தக்காளியைச் சேர்க்காத வழக்கம் இன்னும் இருப்பதற்கு இந்தப் புதுமையும் ஒரு காரணம்.

கடைசியில் வந்தது இன்று மாவட்டத்தையே ஆள்கிறது. கோலார் ஏ.பி.எம்.சி. மண்டி நாட்டின் பெரிய தக்காளிச் சந்தைகளில் ஒன்று. இங்கே வியாபாரம் 15 கிலோ பெட்டிக் கணக்கில் நடக்கிறது. 2023 ஜூலையில் ஒரு பெட்டி 2,000 ரூபாயைத் தாண்டியது. விலை சரியும் மாதங்களில் அதே பெட்டியை விவசாயிகள் சாலையோரம் கொட்டிவிட்டுப் போவதும் உண்டு. அந்த மாதங்களில்தான் தொக்கைக் கிளறி ஜாடியில் அடைக்க வேண்டும்.

கேள்வி: ரவா இட்லி பிறந்தது பெங்களூரிலா?

பதில்: ஆமாம், மாவள்ளி டிபன் ரூமில் என்று அந்த உணவகமே சொல்கிறது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. இட்லிக்கு அரிசி இல்லாத அந்த யுத்த நாட்களில் ரவையைத் தயிரில் கலந்து அவித்துப் பார்த்தார்கள். ஊறப்போட வேண்டாம், புளிக்க வேண்டாம் என்பதால், மாவு அரைக்காத நாளின் ராத்திரிக்கு இன்றைக்கும் கைகொடுக்கிறது.

கேள்வி: குக்கர் இல்லாத சமையலறையே இல்லை. எந்த நாட்டுச் சரக்கு?

பதில்: டெனி பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர் 1679-இல் லண்டனில் செய்து காட்டியது. எலும்பையும் மெத்தென்று ஆக்கும் இரும்புப் பாத்திரம். வெடிக்காமல் இருக்க ஆவி வெளியேறும் வால்வும் அவருடைய யோசனைதான். 1682-இல் ராயல் சொசைட்டி அறிஞர்களுக்கு அதில் சமைத்தே விருந்து வைத்தார்.

இந்தியாவில் 1959-இல் இரண்டு கம்பெனிகள் களத்தில் இறங்கின. பம்பாயில் ஹாக்கின்ஸ், பெங்களூரு தூரவாணி நகரில் டி.டி.கே. குழுமத்தின் பிரஸ்டீஜ். போலி வால்வுகளைப் போட்டுக் குக்கர்கள் வெடித்தபோது, பிரஸ்டீஜின் டி.டி. ஜகந்நாதன் ஒரு வழி கண்டார். மூடியின் விளிம்பில் ஒரு வெட்டு. அழுத்தம் எல்லை மீறினால் ரப்பர் கேஸ்கட் அந்த வழியே பிதுங்கி ஆவியை விட்டுவிடும். உங்கள் வீட்டுக் குக்கர் மூடியின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், பல மூடிகளில் அந்த வெட்டு கையில் தட்டுப்படும்.

தங்கவயலுக்கு இதில் தனி லாபம் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் ஊர் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 97 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமாகும். குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரியை எட்டும். 2001 பிப்ரவரியில் பாரத் தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, மாரிகுப்பத்திலிருந்து ரயில் ஏறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில். இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு அடுக்குப் பாத்திரத்தில் சோறும் பருப்பும் ஒன்றாக வேகிற இந்த வித்தை பெரிய உபகாரம்.

கேள்வி: தங்கவயலுக்கு 1902-லேயே கரண்ட் வந்துவிட்டது. பிறகு ஏன் 1970-கள் வரை அம்மியில் அரைத்தார்கள்?

பதில்: கரண்ட் வந்தது சுரங்கத்துக்கு. சிவசமுத்திரம் அருவியிலிருந்து 1902 ஜூனில் கம்பி இழுத்துக் கொண்டுவந்த மின்சாரம் கம்பெனியின் இயந்திரங்களை ஓட்டியது. பெங்களூரு நகரமே 1905-இல்தான் மின்விளக்கைப் பார்த்தது. தொழிலாளிகளின் மூங்கில் தட்டி வீடுகளுக்கு வெளிச்சம் போய்ச்சேர இன்னும் பல காலம் பிடித்தது.

தவிர, அரைக்கத் தகுந்த இயந்திரமும் அன்றைக்கு இல்லை. அந்நிய நாட்டு மிக்சர்கள் பழம் அடிக்கவும் சூப் கலக்கவும் செய்தவை. மஞ்சள் கிழங்கையும் காய்ந்த மிளகாயையும் போட்டால் மோட்டார் புகைந்துவிடும். பம்பாயில் சத்ய பிரகாஷ் மாத்தூர் வீட்டில் நடந்ததும் அதுதான். மனைவி மாதுரியின் ஜெர்மன் மிக்சர் கெட்டுப்போக, சீமென்ஸ் கம்பெனியில் இன்ஜினியராக இருந்த அவர் நம்ம ஊர் மசாலாவைத் தாங்கும் மோட்டாரைத் தாமே வடிவமைத்தார். 1963-இல் சொந்தக் கம்பெனி தொடங்கினார். அப்படி வந்ததுதான் சுமீத் மிக்ஸி. அதன் பிறகே பஸ்சாறு மசாலா இரண்டு நிமிட வேலை ஆனது.

அடுத்த மாதம் பங்காரப்பேட்டை பானிபூரி. மற்ற ஊர்களில் பச்சையாகக் கலங்கியிருக்கும் தண்ணீர் அங்கே மட்டும் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. அந்த ஊர்த் தள்ளுவண்டியில் முதன்முதலில் அதைச் சாப்பிட்ட ஆண்டு நினைவிருக்கும் வாசகர்கள் எழுதி அனுப்புங்கள்.