சிறைப் பணிக்குக் குற்றவியல் படிப்பு

கேள்வி: குற்றவியல் பட்டம் பெற்றுச் சிறைத்துறையில் சேர விரும்புகிறேன். படிப்பு பயன்படுமா?

பதில்: உதவிச் சிறை அலுவலர் பதவிக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையமும், இரண்டாம் நிலைச் சிறைக் காவலர் பதவிக்குச் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியமும் போட்டித் தேர்வு நடத்துகின்றனவாதலால், பட்டம் மாத்திரம் உத்தியோகத்தைக் கொண்டுவந்து தராது. ஆயினும், சென்னைப் பல்கலைக்கழகத்திலோ நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ இச்சாஸ்திரத்தைக் கற்றவர், சிறையில் உறவினர் சந்திப்பு வேளையில் கம்பிவலையினூடே தன் குழந்தையின் விரல்நுனியைத் தொட்டுப் பார்க்க முயலும் கைதியைக் காணும்போது, அவன் இழைத்த குற்றத்தோடு அவனுடைய பூர்வ ஜீவிதத்தையும், விடுதலைக்குப் பின் அவன் திரும்ப வேண்டிய வீட்டையும் சேர்த்தே நினைப்பார். வேறெந்தப் பயிற்சியும் அந்த நோக்கை எளிதில் தருவதில்லை. 1958-ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டப்படி, குற்றவாளியைச் சிறைக்கு வெளியிலேயே மேற்பார்வையிட்டுத் திருத்தும் நன்னடத்தை அலுவலர் பதவியையும் மறவாதீர்கள். என் அபிப்பிராயத்தில் அதுவே உங்களுக்கு உகந்தது. தேர்வு அறிவிப்பு வருமட்டும் காத்திராமல், அச்சட்டத்தை இன்றே வாசிக்கத் தொடங்குங்கள்.