வழுவழுப்பா, சொரசொரப்பா?

கான்கிரீட் தூணில் சிமெண்டுப் பூச்சுப் பூசுமுன், கொத்தனார் அதன் பரப்பை உளியால் கொத்திவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். வழுவழுப்பான பரப்பில் பூச்சு பிடிக்காதல்லவா? உடலுக்குள் பொருத்தும் கருவிகளிலும் இதே கேள்வி எழுகிறது. ஆனால் அங்கே விடை இரண்டு.

1960களில் அமெரிக்காவில் அணு உலை எரிபொருள் துகள்களுக்கு உறையிடும் கார்பனை ஆராய்ந்து வந்தார் ஜாக் போக்ரோஸ். புரொப்பேன் போன்ற வாயுவை 1000 டிகிரி செல்சியசுக்கு மேல் சிதைத்தால், அதிலுள்ள கார்பன் கிராஃபைட்டின்மேல் கெட்டிப் படலமாகப் படியும். இரத்தத்தை உறையவைக்காத பொருளைத் தேடிக்கொண்டிருந்த அறுவை மருத்துவர் வின்சென்ட் காட் அவருடன் சேர்ந்தார். அணு உலைக்காகப் பிறந்த பொருள் இதய வால்வுக்கு வந்து சேர்ந்தது!

இவ்வால்வின் இதழ்களைக் கண்ணாடிபோல் மெருகிடுகிறார்கள். மேடுபள்ளங்களில் இரத்தத் தட்டணுக்கள் தங்கினால் உறைகட்டி உண்டாகும். அது பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். அதே வால்வை இதயத்தோடு தைக்கும் வளையமோ பாலியெஸ்டர் துணி. அதன் இழைகளுக்கிடையே திசு வளர்ந்து இறுகப் பற்றவேண்டும். அவ்வளர்ச்சி எல்லை மீறி இதழ்வரை வந்துவிட்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை திறந்து மூடவேண்டிய வால்வு சிக்கிக்கொள்ளும். நோயாளியின் உயிர் ஊசலாடும்.

எலும்பில் பொருத்தும் கருவிக்குச் சொரசொரப்பே நல்லது. எவ்வளவு? இங்கேதான் இயற்பியல் நுழைகிறது. கருவி உடலுக்குள் சென்றதும் முதலில் புரதங்கள் அதன்மேல் படிகின்றன. உயிரணு அப்புரதங்களைப் பற்றிக்கொண்டு பரவுகிறது. அதன் அகலம் சுமார் 10 முதல் 20 மைக்ரோமீட்டர். ஆகவே 1 அல்லது 2 மைக்ரோமீட்டர் மேடுபள்ளங்களை அது நன்றாக உணரும். பல நூறு மைக்ரோமீட்டர் அகலமுள்ள மெல்லிய அலையோ அதற்குச் சமவெளிதான். மலைமேல் நடக்கும் எறும்புக்கு மலை தெரியுமா? டைட்டேனியப் பரப்புகளில் செய்த சோதனைகளில், சொரசொரப்பின்மேல் எலும்பணுக்கள் பெருகும் வேகம் பெரும்பாலும் குறைகிறது. ஆனால் அவை முதிர்ந்து எலும்பை ஆக்கும் வேலையில் முனைகின்றன. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

மெல்லிய கார்பன் பூச்சு அடியிலுள்ள பரப்பின் வடிவத்தை அப்படியே பின்பற்றும். எனவே உலோகத்தை முதலில் சொரசொரப்பாக்கிவிட்டு அதன்பின் பூசினால் போதும்.

ஓர் எச்சரிக்கை. சொரசொரப்பைச் சராசரி மேடுபள்ளமாக ஒரே எண்ணில் குறிப்பது வழக்கம். கோட்டுத்தாளில் ஒரே உயரமுள்ள இரண்டு ரம்பப் பல் வரிசைகளை வரையுங்கள். ஒன்றில் பற்கள் நெருக்கமாகவும் மற்றதில் மிக அகலமாகவும் இருக்கட்டும். நடுக்கோட்டிலிருந்து சராசரி விலகலைக் கணக்கிடுங்கள். இரண்டிற்கும் ஒரே விடைதான் வரும். உயிரணுவுக்கோ அவை இரு வேறு நிலங்கள்.