குளத்தங்கரையில் உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கு
நம்பிக்கைகளும் உண்மைகளும்

ஜெர்மனிக்கு வந்த முதல் குளிர்காலம். மகளோடு மழலையர் பள்ளியில் படிக்கும் ஒரு குழந்தையின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தது. கொண்டாட்டம் வீட்டில் இல்லை, ஊர் நீச்சல்குளத்தில். பெற்றோரும் கூடவே தண்ணீரில் இறங்க வேண்டும் என்று எழுதியிருந்தது. என்ன உடுத்துவது, யார் முன்னால் உடை மாற்றுவது, குழந்தைக்குச் சளி பிடித்தால் என்ன செய்வது என்று மூன்று நாள் தூக்கமில்லை. கடைசியில் மகளுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டேன். எனக்கு நீந்தத் தெரியாது என்பதை அத்தனை கேள்விகளுக்கும் பின்னால் ஒளித்துவைத்திருந்தேன்.

எட்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது மகளும் மகனும் நானும் நீந்துகிறோம். சனிக்கிழமை தமிழ் வகுப்பில் பிள்ளைகளை விட வரும் புதுக் குடும்பங்கள் அதே பயங்களை ஏறக்குறைய அதே வார்த்தைகளில் சொல்கிறார்கள். சில பயங்கள் பண்பாடு பற்றியவை, சில உயிர் பற்றியவை. கவலைப்பட வேண்டாத இடத்தில் கவலைப்பட்டு, கவலைப்பட வேண்டிய இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறோம். அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை: "இங்க குளத்துல எல்லாரும் துணியில்லாம இருப்பாங்க. குழந்தைய எப்படிக் கூட்டிட்டுப் போறது?"

உண்மை: ஜெர்மனியில் துணியில்லாமல் இருப்பது சௌனா எனும் வெப்ப அறைப் பகுதிகளிலும், அதற்கென்று பலகை வைத்து ஒதுக்கிய கடற்கரை, ஏரிக்கரைகளிலும்தான். ஊராட்சி நடத்தும் சாதாரண நீச்சல்குளத்தில் எல்லோரும் நீச்சலுடையில்தான் இருப்பார்கள். ஷவர் அறைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. அங்கே பலர் உடையைக் கழற்றிவிட்டு சோப்பு போட்டுக் குளிப்பார்கள், உண்மைதான். யாரும் யாரையும் பார்ப்பதில்லை. முதல் நாள் எனக்கு நிமிரவே முடியவில்லை. நாலாவது வாரம் அது பழகிவிட்டது.

உடை மாற்றத் தனிக் கேபின்கள் உண்டு. பல குளங்களில் அவற்றுக்கு இரண்டு கதவுகள் இருக்கும். செருப்புக் காலோடு ஒரு கதவு வழியாக நுழைந்து, வெறுங்காலோடு மறு கதவு வழியாகக் குளத்துப் பக்கம் போக வேண்டும். உள்ளே இருக்கும் உட்காரும் பலகையை இறக்கினால் இரண்டு கதவும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்குப் பெரிய குடும்பக் கேபின் இருக்கும்.

ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தை துணியில்லாமல் ஓடுவதைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். அரைஞாண் கயிறு மட்டும் கட்டிய பிள்ளைகள் நம் ஊர் வாய்க்காலில் குதிப்பதை யாரும் தவறாக நினைத்ததில்லை. உங்கள் குழந்தைக்கு உடுப்புப் போட்டு விட நினைத்தால் போடுங்கள். அதையும் இங்கே யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

நம்பிக்கை: "பிகினி போட்டாத்தான் உள்ள விடுவாங்க."

உண்மை: குளத்துக்காரர்கள் பார்ப்பது உடையின் நீளத்தை இல்லை, துணியை. பருத்தி டி-ஷர்ட், லெகிங்ஸ், உள்ளாடைக்கு மேல் போட்ட ஷார்ட்ஸ் ஆகியவை தண்ணீரை உறிஞ்சிக் கனமாகும், அழுக்கையும் சோப்பையும் குளத்துக்குள் கொண்டுவரும். நீச்சலுடைத் துணியில் தைத்த முழங்கால் வரை நீளும் உடையும் முழுக்கைச் சட்டையும் பெரும்பாலான ஜெர்மன் குளங்களில் அனுமதிக்கப்படுகின்றன. உடல் முழுவதையும் மூடும் புர்கினிக்குக் கோப்லென்ஸ் நகரம் தன் குளங்களில் போட்ட தடையை, 2019இல் ரைன்லாந்து-பலாட்டினேட் மாநில உயர் நிர்வாக நீதிமன்றம் சமத்துவத்துக்கு எதிரானது என்று சொல்லி நிறுத்திவைத்தது.

பக்கத்து நாட்டுக்குச் சுற்றுலா போனால் விதி மாறும். பிரான்சில் பல நகராட்சிக் குளங்களில் ஆண்கள் தொளதொள ஷார்ட்ஸ் போடக் கூடாது, உடலோடு ஒட்டிய டிரங்க்ஸ்தான். தலைக்குத் தொப்பியும் வேண்டும். கிரெனோபிள் நகரம் புர்கினிக்கு இடம் கொடுத்து எழுதிய விதியை 2022இல் அந்நாட்டின் உச்ச நிர்வாக நீதிமன்றமே ஏற்கவில்லை. ஆகவே எந்த ஊர்க் குளத்துக்குப் போனாலும் வாசலில் தொங்கும் விதிப் பலகையை முதலில் படியுங்கள்.

நம் பாட்டிகள் பாவாடையை மார்போடு ஏற்றிக் கட்டிக்கொண்டு ஆற்றில் முங்கிக் குளித்தவர்கள்தான். தண்ணீருக்கென்று ஒரு உடை அவர்களுக்கும் இருந்தது. மானத்துக்கும் நீச்சலுக்கும் பகை இல்லை.

நம்பிக்கை: "குளோரின் வாடை தூக்கலா அடிச்சா தண்ணி சுத்தமா இருக்குன்னு அர்த்தம்."

உண்மை: நேர்மாறானது. நாம் முகரும் அந்த நெடி வெறும் குளோரினுடையது இல்லை. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு சேர்ந்து உண்டாகும் குளோரமைன்களின் நெடி அது. கண் எரிச்சலுக்கும் இருமலுக்கும் அதுவே காரணம். இறங்குவதற்கு முன் சோப்பு போட்டுக் குளிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

முடி கெட்டுவிடும் என்று மகளின் தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துப் பின்னி அனுப்பும் வழக்கம் நம்மிடம் உண்டு. நானும் செய்தேன். தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக எண்ணெய் பரவியதைப் பார்த்த பிறகு நிறுத்திவிட்டேன். தலையை நல்ல தண்ணீரில் நனைத்து விட்டாலே போதும். நனைந்த முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். எண்ணெயை வீட்டுக்கு வந்து தலை அலசிய பிறகு வைக்கலாம்.

நம்பிக்கை: "ஏன்டி, வெளிய பனி கொட்டுது, பச்சப்புள்ளயப் போயித் தண்ணியில முக்கி எடுக்குறியே! சளி பிடிச்சா யாரு பாக்குறது?"

உண்மை: இது வாட்ஸ்அப்பில் என் அம்மா கேட்டது. சளிக்குக் காரணம் வைரஸ், தண்ணீர் இல்லை. ஈரத்தலையோடு வெளியே போகாதே என்று ஜெர்மன் பாட்டிகளும் பேரப்பிள்ளைகளைக் கண்டிக்கிறார்கள். அதனால்தான் வெளிவாசலுக்கு முன் வரிசையாக முடி உலர்த்தும் கருவிகள் மாட்டியிருக்கின்றன.

ஆனால் குளிர்ச்சி பற்றிய கவலை முழுவதும் வீண் இல்லை. சிறு குழந்தையின் உடல் பெரியவர்களுடையதைவிட வேகமாகச் சூட்டை இழக்கும். கைக்குழந்தைகளுக்கான குளத்தில் தண்ணீர் 32 டிகிரி அளவில் இருக்கும், பெரியவர்கள் நீந்தும் குளத்தில் 26 முதல் 28 வரை. உதடு நீலம் பாய்ந்தாலோ, உடல் நடுங்கினாலோ, குழந்தை எவ்வளவு கெஞ்சினாலும் வெளியே தூக்கித் துண்டைச் சுற்றுங்கள்.

நம்பிக்கை: "மூழ்குனா கத்துவான், கையக் கால ஆட்டுவான். நமக்குத் தெரியாமலா போகும்?"

உண்மை: எல்லாவற்றையும்விட ஆபத்தான நம்பிக்கை இதுதான்.

என் மகனுக்கு அப்போது மூன்று வயது. இடுப்பளவுகூட ஆழமில்லாத குழந்தைகள் குளம். நான் இரண்டடி தள்ளி நின்று மகளின் நீச்சல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தேன். திரும்பினால், மகன் நிமிர்ந்த நிலையில் தண்ணீருக்குள் இருக்கிறான். வாய் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. கண்கள் அகலத் திறந்து என்னையே பார்க்கின்றன. ஒரு சத்தம் இல்லை, ஒரு துளி தெறிக்கவில்லை. தூக்கியதும் இருமி அழுதான். அந்த அழுகையைப் போல ஒரு நல்ல ஓசையை நான் கேட்டதில்லை.

மூழ்குகிறவர்களுக்கு மூச்சு விடவே வழியில்லாதபோது கத்த எங்கிருந்து குரல் வரும்? கைகள் தன்னிச்சையாகத் தண்ணீரைக் கீழ்நோக்கி அழுத்துமே தவிர, உதவி கேட்டு உயராது. ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர் 5 வயதுக்கும் குறைந்த குழந்தை.

நம்பிக்கை: "கையில காத்தடிச்ச மிதவை இருக்கு, மேல லைஃப்கார்ட் இருக்கார். அப்புறம் என்ன?"

உண்மை: கை மிதவையின் மேலேயே, இது மூழ்குவதிலிருந்து காப்பாற்றாது என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். அது பழகுவதற்கான துணை மட்டுமே. காற்று இறங்கலாம், குதிக்கும்போது கழன்று போகலாம்.

லைஃப்கார்டு குளம் முழுவதையும் பார்க்கிறார். உங்கள் குழந்தையை மட்டும் பார்ப்பது உங்கள் வேலை. ஜெர்மன் சட்டத்தில் அந்தக் கண்காணிப்புப் பொறுப்பு பெற்றோருடையது. நீந்தத் தெரியாத சின்னக் குழந்தையோடு போனால் கை நீட்டினால் தொடும் தூரத்தில், தண்ணீருக்குள் இருங்கள். கைபேசியைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு வாருங்கள்.

நம்பிக்கை: "என் பையன் கடற்குதிரை பேட்ஜ் வாங்கிட்டான். இனிமே பயமில்ல."

உண்மை: ஜெர்மனியில் பிள்ளைகள் வாங்கும் முதல் நீச்சல் சான்று சேஃபெர்ட்ஷென். குட்டிக் கடற்குதிரை என்று பொருள். அதற்குக் குளத்து விளிம்பிலிருந்து குதித்து 25 மீட்டர் நீந்த வேண்டும். தோளளவுத் தண்ணீரின் அடியிலிருந்து ஒரு பொருளைக் கையால் எடுத்து வர வேண்டும். நீச்சல் விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கொண்டாடுங்கள், அந்தப் பேட்ஜை நீச்சலுடையில் தைத்துக் கொடுங்கள். ஆனால் இது தொடக்கம் மட்டுமே.

ஜெர்மன் உயிர்காப்புச் சங்கமான டி.எல்.ஆர்.ஜி., அடுத்த நிலையான வெண்கலச் சான்று பெற்றவரையே பாதுகாப்பாக நீந்துபவர் என்று கருதுகிறது. அதற்குத் தலைகீழ்ப் பாய்ச்சலோடு தொடங்கி 15 நிமிடம் நீந்த வேண்டும். அந்த நேரத்துக்குள் குறைந்தது 200 மீட்டர் கடந்தாக வேண்டும். 2 மீட்டர் ஆழம் மூழ்கிப் பொருளும் எடுக்க வேண்டும். இந்தச் சங்கம் பிறந்ததே ஒரு விபத்தால்தான். 1912 ஜூலையில் ரூகன் தீவின் பின்ஸ் ஊரில் கடல் பாலத்தின் ஒரு பகுதி இடிந்து 16 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு சங்கம் உருவானது. கால்வாய்கள் நிறைந்த நெதர்லாந்தில் முதல் சான்றுக்கே பிள்ளைகள் சட்டை, கால்சட்டை, காலணியோடு நீந்திக் காட்ட வேண்டும். தவறி விழும் குழந்தை நீச்சலுடையில் விழுவதில்லை அல்லவா?

நம்பிக்கை: "காவிரியில நீந்துனவன் நான். ரைன் எம்மாத்திரம்?"

உண்மை: ரைன் ஆற்றில் சரக்குக் கப்பல்கள் ஓடுகின்றன. கப்பல் கடக்கும்போது கரையோரத் தண்ணீரை உள்ளே இழுத்து, பின் அலையாகத் திருப்பி அடிக்கும். கரையிலிருந்து நீளும் கல் தடுப்புகளுக்கு அருகே சுழல் இருக்கும். மே மாத வெயிலில் காற்று சுட்டாலும் தண்ணீர் குளிராகவே இருக்கும். 15 டிகிரிக்குக் கீழே திடீரென்று குதித்தால், நம் விருப்பம் இல்லாமலே வாய் திறந்து மூச்சை உள்ளிழுத்துவிடும். கிணற்றிலும் ஆற்றிலும் கற்ற நீச்சல் நல்ல சொத்துதான். அதற்காக இந்த ஆற்றைக் குறைத்து எடை போடாதீர்கள். கடற்கரையில் சிவப்பு-மஞ்சள் கொடி பறந்தால் காவலர் இருக்கிறார். கூடவே மஞ்சள் கொடி இருந்தால் குழந்தைகளும் நீச்சல் பழகாதவர்களும் இறங்கக் கூடாது. சிவப்புக் கொடி என்றால் யாருமே இறங்கக் கூடாது.

நம்பிக்கை: "தண்ணி குடிச்ச புள்ளயத் தலைகீழாப் பிடிக்கணும், வயித்த அமுக்கணும்."

உண்மை: சினிமாவில் பார்த்தது இது. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது மேலேறி மூச்சுக்குழாயை அடைக்கலாம். மூச்சு நின்ற குழந்தைக்குத் தேவை காற்று. ஒருவர் அவசர எண் 112ஐ அழைக்க, மற்றவர் முதலில் 5 முறை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். பிறகு 30 மார்பழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். இதைப் படித்தால் மட்டும் வராது. பெற்றோருக்கான முதலுதவி வகுப்பில் ஒருநாள் பொம்மையை வைத்துப் பழகுங்கள்.

நம்பிக்கை: "பொம்பளப் புள்ளைக்கு நீச்சல் எதுக்கு? வெயில்ல கறுத்துப் போவா. வயசுக்கு வந்துட்டா அதுவும் முடியாது."

உண்மை: தண்ணீர் ஆண், பெண் பார்ப்பதில்லை. மாதவிலக்கு நாட்களில் டாம்பூனோ கப்போ வைத்துக்கொண்டு நீந்தலாம். வெயிலுக்கு நீளக்கைச் சட்டையும் சன்ஸ்கிரீனும் போதும். நிறம் கறுப்பது நோயும் இல்லை, குறையும் இல்லை. அதைக் குறை என்று மகளிடம் சொல்வதுதான் அவளுக்கு நாம் செய்யும் தீங்கு.

பள்ளி நீச்சல் வகுப்பிலிருந்து விலக்குக் கேட்பதும் எளிதல்ல. ஜெர்மனியின் கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2013இல், விலக்குக் கேட்ட ஒரு மாணவி புர்கினி அணிந்து வகுப்பில் கலந்துகொள்ள வேண்டும் என்றது. சுவிட்சர்லாந்தில் மகள்களைக் கலப்பு நீச்சல் வகுப்புக்கு அனுப்ப மறுத்த பெற்றோருக்கு விதித்த அபராதம் சரியே என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017இல் தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளும் சொல்வது ஒன்றைத்தான்: உடையில் விட்டுக்கொடுக்கலாம், நீச்சலில் கூடாது.

டி.எல்.ஆர்.ஜி. 2022இல் எடுக்கச் சொன்ன கருத்துக்கணிப்பில், ஜெர்மனியின் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 20 சதவீதம் பேருக்கு நீந்தத் தெரியவில்லை. அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன் அது 10 சதவீதம். நம் பிள்ளைகள் அந்தக் கணக்கில் சேர வேண்டாம். வகுப்புகளுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீளம். குழந்தைக்கு நாலு வயது முடிந்ததுமே பெயரைக் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கும் நீந்தத் தெரியாதென்றால், பெரியவர்களுக்கான வகுப்பில் உங்கள் பெயரையும் எழுதுங்கள். நான் முப்பத்தாறு வயதில் கற்றேன். வருகிற சனிக்கிழமை கரையில் உட்காராமல் குழந்தையோடு தண்ணீருக்குள் இறங்குங்கள்.