பெண்கள் சொன்ன நூல்களும் பிறர் சொன்ன நூல்களும்

பெண்கள் கூடி வாழ்ந்த சமூகங்களைப் பற்றிய நூலொன்றைக் கையிலெடுக்கும்போது முதற்கண் ஒரு வினாவை எழுப்புதல் நன்று. இந்நூலிற் பேசுவோர் அப்பெண்களேயா, அன்றி அவர்களைப் பற்றிப் பேசும் பிறரா?

பாலி மொழியிலுள்ள தேரீகாதை மூத்த பிக்குணிகள் தாமே பாடியதாகப் போற்றப்படுவது. 522 பாடல்களை உடையது. நீர் சுமக்கும் அடிமையான புண்ணிகை, ஆற்றில் மூழ்கிப் பாவம் போக்கக் கருதிய பிராமணனை நோக்கி, அங்ஙனமாயின் தவளையும் ஆமையுமன்றோ முதலில் விண்ணுலகு புகும் என்று வாதிடுகிறாள். சுமங்கலனின் தாயோ உலக்கையினின்று விடுபட்ட மகிழ்ச்சியைச் சொல்கிறாள். கணவனையும் மக்களையும் பெற்றோரையும் இழந்து சித்தம் கலங்கிய படாசாரை பின்னர் ஆசிரியையாகிறாள். அவளிடம் அறங்கேட்ட முப்பது பிக்குணிகளின் பாடலும் அந்நூலில் உண்டு. பெண்ணுக்குப் பெண்ணே ஆசிரியை என்பதைக் காட்டலால், தனித்தனிப் பாடல்களினும் இஃது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. இப்பாடல்களுக்கு உரை கண்ட ஆசாரிய தம்மபாலர் தமிழகத்துப் பதரதித்த விகாரத்தில் வாழ்ந்தவரென மரபு கூறும்.

விநய நூல் வேறு வகையினது. மகாபிரஜாபதி கோதமி வேண்டியும் கிட்டாத துறவு, ஆனந்தர் பரிந்து பேசிய பின்னரே கிட்டியது. அதனுடன் எட்டு விதிகளும் வந்தன. துறவு பூண்டு நூறாண்டு கழிந்த பிக்குணியும் அன்றே துறந்த பிக்குவை வணங்க வேண்டுமென்பது அவற்றுள் ஒன்று. இதனை மறைத்துவிட்டுச் சங்கத்தின் பெருமையை மட்டும் பேசுதல் நேர்மையன்று.

கல்யாணில் வாழும் நமக்கு ஏடுகளேயன்றிக் கல்லும் சான்றாகும். கன்கேரிக் குகைக் கல்வெட்டுகளில் கல்யாண்வாசிகளின் தானங்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தானமளித்தோருள் பிக்குணிகளும் இல்லறப் பெண்களும் உளர். கையிற் பொருளும் அவையில் மதிப்பும் இல்லாதார் பெயர் கல்லில் ஏறுவதில்லை.

நம் காலத்து நூல்களுள், 1989ஆம் ஆண்டில் ஊர்மிளா பவாரும் மீனாட்சி மூனும் மராத்தியில் வெளியிட்ட ‘ஆம்ஹீஹீ இதிஹாஸ் கடவலா’ குறிப்பிடத்தக்கது. ‘நாங்களும் வரலாறு படைத்தோம்’ என்பது அத்தலைப்பின் பொருள். அம்பேத்கர் இயக்கத்தில் உழைத்த பெண்களை நேரிற் கண்டு கேட்டு எழுதிய வாழ்க்கைகள் அதன் உயிர்ப்பகுதி. பலரும் எழுதப் படிக்க வாய்ப்பற்றவராயினும், கூட்டம் கூட்டினர், ஊர்வலம் சென்றனர். தலைவர்களின் வரலாற்றில் ‘பெண்களும் கலந்துகொண்டனர்’ என ஒரு வரியில் முடிந்தது இங்கே ஒரு நூலாகியிருக்கிறது.

அதனைப் படித்த சூட்டில் யானும் தாராவியில் ஒரு முதிய தமிழ் அம்மையாரிடம் குறிப்பேட்டுடன் சென்றேன். “நான் என்னப்பா செய்தேன், சோறு ஆக்கினேன்” என்று கூறிக் கணவரின் வரலாற்றையே சொன்னார். மறுநாள் மீண்டும் சென்றேன். அப்போதுதான், அத்தெருப் பெண்கள் ஒன்பதின்மர் சீட்டுப் பிடித்ததையும், பிரசவத்திற்கும் பிள்ளைகளின் பள்ளிக்கும் அப்பணம் சென்றதையும் சொன்னார். ஒன்பது பெயர்களையும் விரல்விட்டு எண்ணினார். இன்று உயிருடன் இருப்போர் அவரைச் சேர்த்து இருவர்.