இரண்டாம் மொழி சிங்களம்: வாக்கிய அமைப்பு



தலவாக்கலை நகரில் கடைக்காரருடன் தடங்கலின்றிச் சிங்களம் பேசும் மாணவர் சிலர் க.பொ.த. (சாதாரண தர) விடைத்தாளில் புள்ளிகளை இழக்கின்றனர். பேச்சுச் சிங்களமும் எழுத்துச் சிங்களமும் வினைச்சொல்லில் வேறுபடுவதே இதற்கு முக்கிய காரணம். இப்பாடம் அதனைத் தெளிவாக்கும். (சிங்களச் சொற்கள் இங்கு தமிழ் எழுத்தில் தரப்பட்டுள்ளன. பரீட்சையில் சிங்கள எழுத்திலேயே எழுதுக.)

1. சொல் ஒழுங்கு

தமிழ் திராவிட மொழி. சிங்களம் இந்தோ-ஆரிய மொழி. எனினும் இரண்டிலும் எழுவாய், செயப்படுபொருள், பயனிலை என்ற ஒழுங்கே பொதுவாக அமையும்.

அம்மா தே தளு கடனவா.
அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கிறார்.

ஆங்கிலத்தில் வினை நடுவில் வரும். ஆகவே ஆங்கிலம் பேசுபவர் சிங்களம் கற்கும்போது ஒழுங்கையே மாற்றிப் பழக வேண்டும். உங்களுக்கு அச்சிரமம் இல்லை. "மட படகினியி" என்பதும் "எனக்குப் பசிக்கிறது" என்பதும் ஒரே அமைப்புடையவை என்பதை அவதானிக்க.

2. வினை மாறும் விதம்

பேச்சில் எழுவாய் எதுவாயினும் வினை மாறாது:
மம யனவா, அபி யனவா, எயா யனவா.

எழுத்தில் தமிழைப் போலவே எழுவாய்க்கு ஏற்ப வினை முடியும்:
மம பாசலட யமி - நான் பாடசாலைக்குப் போகிறேன்
அபி பாசலட யமு - நாங்கள் போகிறோம்
ஒஹு பாசலட யயி - அவன் போகிறான்
ஒவுஹு பாசலட யதி - அவர்கள் போகிறார்கள்

கட்டுரையிலும் கடிதத்திலும் "மம யனவா" என எழுதினால் அது பிழையாகும். மி, மு, யி, தி என்னும் நான்கு முடிவுகளையும் மனனஞ் செய்க.

3. தமிழிலிருந்து வேறுபடும் இடங்கள்

அ) "இருத்தல்" என்பதற்குத் தமிழில் ஒரே வினை போதும். சிங்களத்தில் உயிருள்ளவற்றுக்கு "இன்னவா", உயிரற்றவற்றுக்கு "தியெனவா" என இரண்டு உண்டு.
அம்மா கெதர இன்னவா. மேசய உட பொத தியெனவா.
எழுத்தில் இவை முறையே "சிடியி", "திபே" என வரும்.

ஆ) தமிழில் எண் முன்னே வரும், சிங்களத்தில் பெயருக்குப் பின்னே வரும்.
இரண்டு புத்தகங்கள் - பொத் தெகக்
மூன்று பிள்ளைகள் - லமயி துந்தெனெக்

4. வினா வாக்கியம்

தமிழில் "ஆ" சேர்ப்பது போல் சிங்களத்தில் இறுதியில் "த" சேர்க்க.
ஒயா பாசலட யனவாத? - நீங்கள் பாடசாலைக்குப் போகிறீர்களா?

5. ஏன் கற்க வேண்டும்?

1956 ஆம் ஆண்டுச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கியது. 1987 இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. ஆகவே அலுவலகத்தில் தமிழில் கேட்பது உங்கள் உரிமை. சிங்களம் கற்பதால் அவ்வுரிமை குறையாது. ஆனால் பாட்டியின் பிறப்புப் பதிவிலோ ஆஸ்பத்திரித் துண்டிலோ சிங்களத்தில் எழுதியிருப்பதை வீட்டில் ஒருவராவது வாசித்து விளங்கினால், பிறர் சொல்வதை மட்டும் நம்பிக் கைநாட்டு வைக்கும் நிலை நீங்கும். அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாம்.

பயிற்சி

1. ஒழுங்குபடுத்துக: யயி / நங்கி / பாசலட
2. எழுத்து வழக்கில் எழுதுக: அபி பத் கனவா.
3. எழுத்துச் சிங்களத்தில் தருக: இரண்டு புத்தகங்கள் இருக்கின்றன.

விடைகள்: 1. நங்கி பாசலட யயி. 2. அபி பத் கமு. 3. பொத் தெகக் திபே.

மூன்றாவது விடையில் பன்மை எழுவாய்க்கும் "திபே" என்றே வந்துள்ளது. உயிரற்ற பெயர் பன்மையாயினும் வினை ஒருமையிலேயே முடியும் என்பதை நினைவிற் கொள்க.