சந்தேகம் தண்டனை ஆகாது
(குழுக் கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டுப் பேசவும்)



"போலீஸ் பிடிச்சிட்டுப் போனா ஏதோ தப்பு இருக்கும், நமக்கெதுக்கு வம்பு" என்று நாமே பல தடவை சொல்லியிருக்கிறோம். நம் மாவட்டத்து வாச்சாத்திப் பெண்கள் பட்டதைத் தெரிந்துகொண்டால் அப்படிச் சொல்ல வாய் வராது.

அரூர் பக்கம் சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் பழங்குடியினர் கிராமம் வாச்சாத்தி. சந்தனக்கட்டை பதுக்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டு, 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். அடித்தார்கள். 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குழந்தைகளோடு சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள்.

ஊரார் சொன்னதை முதலில் அரசாங்கம் ஏற்கவில்லை. பழங்குடி மக்கள் சங்கத்தார் துணை நின்றார்கள். 1995ல் சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது. அந்தப் பெண்கள் வெட்கத்தையும் பயத்தையும் ஒதுக்கிவைத்து, கோர்ட்டில் நின்று நடந்ததைச் சொன்னார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் அதுவரை இறந்துபோன 54 பேர் போக, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னது. அதில் பாதியைக் குற்றம் செய்தவர்களிடமிருந்தே வசூலிக்க வேண்டும் என்றது.

நாம் கவனிக்க வேண்டியது இதைத்தான். வீரப்பன் தேடுதலின்போதும் மலைக்கிராம மக்கள் பலர் தடா சட்டத்தில் அடைக்கப்பட்டார்கள், சித்திரவதைப்பட்டார்கள். 2007ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் நிவாரணம் தரச் சொன்னது. நிவாரணம் வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போனால் அரசாங்கப் பணம்தான் போகும். அடித்தவருக்கு என்ன நஷ்டம்? செய்தவரே பதில் சொன்னால்தான் அடுத்தவர் கையை ஓங்கப் பயப்படுவார்.

மனதில் வைத்துக்கொள்வோம்:

- எந்தக் குற்றத்திற்கும் அடித்து விசாரிக்கச் சட்டத்தில் இடமில்லை.
- கைது செய்தவரைப் பயண நேரம் போக 24 மணி நேரத்திற்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அடிபட்டிருந்தால் அவரிடமே சொல்லலாம்.
- சூரியன் மறைந்த பிறகு, விடியும் முன் பெண்களைக் கைது செய்யக் கூடாது. தவிர்க்க முடியாத நேரத்தில் மாஜிஸ்திரேட் முன் அனுமதி பெற்று, பெண் போலீஸ்தான் செய்ய வேண்டும்.
- பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். போன்: 15100.

கூட்டத்தில் பேசுங்கள்: நம் குழுப் பெண் ஒருவர் வீட்டுக்கு ராத்திரியில் போலீஸ் வந்தால், யார் கூடப் போவது? யாருக்குப் போன் செய்வது? முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி வையுங்கள்.

வாச்சாத்திப் பெண்கள் 31 வருஷம் விடாமல் நின்றார்கள். ஒருத்தியாக நின்றிருந்தால் முடிந்திருக்காது. ஊராகச் சேர்ந்து நின்றதால் முடிந்தது.