வறுவலின் பதம் அறிதல்

'ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்பது தமிழ்ப் பழமொழி. உலையில் கொதிக்கும் அரிசி வெந்துவிட்டதா என்பதை அறிய ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தால் போதும். 'பதம்' என்னும் சொல் தமிழர் சமையலில் எங்கும் வழங்குவது. வெல்லப் பாகுக்குக் கம்பிப்பதம் உண்டு. முறுக்கு மாவுக்கும் தோசை மாவுக்கும் தனித்தனிப் பதம் உண்டு. உணவு உண்பதற்கோ அடுத்த செயலுக்கோ ஏற்றதாக அமையும் நிலையே பதம் எனப்படும்.

இன்றைய நகரங்களில் சிறுவர் விரும்பி உண்பவற்றுள் ஒன்று, துரித உணவகங்களில் கிடைக்கும் உருளைக்கிழங்கு நீள்வறுவல். இதனை 'ஃபிரெஞ்சு ஃபிரைஸ்' என்றும் 'ஃபிங்கர் சிப்ஸ்' என்றும் அழைப்பர். இதற்கும் பதம் உண்டு. 'பிடித்திருக்கிறது', 'பிடிக்கவில்லை' என்பவை விருப்பத்தைக் கூறும் சொற்கள். தரத்தைக் கூற வேண்டுமாயின் காரணம் காட்ட வேண்டும். அக்காரணங்களைக் கண்ணும் மூக்கும் நாவும் பல்லும் காதும் தருகின்றன.

கண் காண்பது

நல்ல வறுவல் இளம் பொன்னிறமாக இருக்கும். வெளிறியிருந்தால் அது போதிய அளவு பொரியவில்லை. கரும்பழுப்பாக இருந்தால் எண்ணெயின் வெப்பம் மிகுந்திருக்கலாம். அல்லது கிழங்கிலேயே சர்க்கரை மிகுந்திருக்கலாம். உருளைக்கிழங்கை மிகுந்த குளிரில் சேமித்தால் அதிலுள்ள மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறுகிறது. அச்சர்க்கரை சூடான எண்ணெயில் விரைவாகக் கருகும். ஆகவே, நிறத்தில் தோன்றும் குறை சமையலறையில்தான் பிறந்தது என்று கூற இயலாது. கிழங்கைச் சேமித்த கிடங்கிலும் அது பிறந்திருக்கலாம்.

நிறம் அழகுக்காக மட்டும் நோக்கப்படுவதன்று. மாவுச்சத்து மிகுந்த உணவை 120 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தில் பொரிக்கும்போது 'அக்ரிலமைடு' என்னும் வேதிப்பொருள் உருவாவதை 2002ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு அறிவியலாளர் வெளிப்படுத்தினர். அது உடலுக்குத் தீங்கு செய்யக்கூடியது என ஐயுறப்படுவது. வறுவல் கருகக் கருக அதன் அளவும் கூடுகிறது. எனவே, பொன்னிறத்தில் எடுப்பது சுவைக்கும் நலத்துக்கும் ஒருங்கே ஏற்றதாகும்.

நிறத்தோடு சீர்மையையும் கண் அறியும். இவ்விடத்தில் சோற்றுப் பழமொழி முழுமையாகப் பொருந்தாது. ஒரே பொட்டலத்தில் ஒரு துண்டு வெளிறியும் மற்றொன்று கருகியும் இருக்கலாம். தடித்த துண்டு வேகும் முன்னரே மெலிந்த துண்டு கருகிவிடும். ஆதலால் ஒரு துண்டைக் கொண்டு தீர்ப்புக் கூறாமல் பல துண்டுகளை நோக்க வேண்டும். அமெரிக்க வேளாண்மைத் துறை, உறையவைத்த நீள்வறுவலைத் தரம் பிரிக்கும்போது நிறம், அளவுச் சீர்மை, குறைகள், பதம் ஆகிய நான்கையும் கருதுகிறது.

மூக்கு உணர்வது

புதிய எண்ணெயில் பொரித்த வறுவலில் கிழங்கின் நறுமணம் முதலில் எழும். பலமுறை காய்ச்சிய எண்ணெயில் பொரித்ததில் காறல் வாடை முந்திக்கொள்ளும். எண்ணெய் மீண்டும் மீண்டும் காயும்போது அதன் இயல்பு சிதைகிறது, நிறம் கறுக்கிறது, பிசுபிசுப்பும் நுரையும் மிகுகின்றன. அச்சிதைவால் உண்டாகும் பொருள்கள் 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. அது 2018ஆம் ஆண்டு சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அவ்வளவைத் துல்லியமாக அறியக் கருவி வேண்டும். எனினும், காறல் வாடையை உணர்ந்து ஐயுறுவதற்கு மூக்கே போதும்.

பல்லும் காதும் அறிவது

நல்ல வறுவலைக் கடிக்கும்போது மேற்புறம் மொறுமொறுவென ஒலிக்க வேண்டும். உட்புறம் அவித்த கிழங்கைப் போல் மாவாகக் குழைய வேண்டும். இவ்விரண்டும் ஒரே துண்டில் அமைவது எளிதன்று. உருளைக்கிழங்கில் ஏறத்தாழ 80 விழுக்காடு நீரே உள்ளது. உலர்பொருள் குறைந்த கிழங்கில் செய்த வறுவல் ஈரமாகித் துவளும். ஆகவே, உலர்பொருள் 20 விழுக்காட்டுக்கு மேல் உள்ள கிழங்குகளையே வறுவல் ஆலைகள் விரும்புகின்றன. குஜராத் மாநிலத்தின் பனாஸ்காண்டா, மெஹசானா மாவட்டங்களில் இத்தகைய கிழங்குகள் பயிராகின்றன. சிம்லாவிலுள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் 'குஃப்ரி ஃபிரைசோனா' என்னும் வகையை இவ்வறுவலுக்காகவே உருவாக்கியது. அந்நிறுவனத்தின் ஆய்வு நிலையம் ஒன்று நீலகிரி மாவட்டத்தின் முத்தோரையிலும் இயங்குகிறது.

கிழங்கு நல்லதாக இருந்தாலும் ஒருமுறை பொரித்தல் போதாது. பெல்ஜிய நாட்டவர் நெடுங்காலமாக இருமுறை பொரிக்கின்றனர். மிதமான வெப்பத்தில் முதன்முறை பொரிக்கும்போது உட்புறம் வேகிறது. மிகுந்த வெப்பத்தில் மறுமுறை பொரிக்கும்போது மேற்புறம் மொறுமொறுப்பாகிறது. துரித உணவகங்களும் இம்முறையையே வேறு வடிவில் பின்பற்றுகின்றன. ஆலையில் கிழங்கைத் தோல் சீவி, நறுக்கி, வெந்நீரில் இட்டு, உலர்த்தி, அரைப்பதமாகப் பொரித்து உறையவைக்கின்றனர். உணவகத்தில் அதனை மீண்டும் பொரித்து முடிக்கின்றனர்.

பொரியும்போது துண்டிலிருந்து நீராவி வெளியேறிக்கொண்டே இருப்பதால் எண்ணெய் எளிதில் உட்புகுவதில்லை. வெளியே எடுத்து ஆறத் தொடங்கும்போதுதான் மேலே ஒட்டியுள்ள எண்ணெய் பெரிதும் உள்ளிழுக்கப்படுகிறது. எனவே, எடுத்தவுடன் கூடையை நன்கு உதறி எண்ணெயை வடித்தல் வேண்டும். இச்சிறு செயலைச் செய்யாத கடையின் வறுவல் தாளை நனைக்கும், விரலில் பிசுபிசுக்கும்.

வறுவலின் மொறுமொறுப்பு நெடுநேரம் நிலைப்பதில்லை. சில நிமிடங்களில் உட்புற ஈரம் மேற்புறத்துக்கு வருகிறது. மழைக்காலத்து அப்பளத்தைப் போல் வறுவல் நமத்துப் போகிறது. மூடிய பெட்டியில் வீட்டுக்கு வரும் வறுவலில் நீராவி வெளியேற வழியின்மையால் இது மேலும் விரைவாக நிகழும். எனவே, நமத்துப்போன வறுவலைக் கண்டவுடன் பொரித்தவரைக் குறை கூறுதல் பொருந்தாது. பொரித்து எவ்வளவு நேரமாயிற்று, எவ்வாறு மூடப்பட்டிருந்தது என்பவற்றையும் கேட்டறிதல் வேண்டும்.

நா கூறுவது

நாவின் தீர்ப்பை இறுதியில் கேட்பதே முறை. உப்பும் சூடும் நாவை எளிதில் மயக்கும். மசாலாத் தூளும் தக்காளிச் சாறும் பழைய எண்ணெயின் காறலை மறைத்துவிடும். ஆதலால் ஒரு துண்டை எதிலும் தோய்க்காமல் உண்டு பார்க்க வேண்டும். மற்றொரு துண்டைச் சிறிது ஆறவிட்டு உண்டு பார்க்க வேண்டும். சூட்டில் மறைந்திருந்த குறை ஆறியபின் வெளிப்படும். உப்பு கிழங்கின் சுவையை எடுத்துக்காட்ட வேண்டுமேயன்றி அதனை மூடிவிடலாகாது.

பதம் குன்றாத வறுவலாயினும் அது எண்ணெயும் உப்பும் நிறைந்த உணவே. நாள்தோறும் உண்ணத் தக்கதன்று. எனினும், உண்ணும் நாளில் அதன் தரத்தை ஆராய்ந்து கூறும் ஆற்றல் பயன் தரும். 'நன்றாக இல்லை' என்று மட்டும் கூறினால் கடைக்காரருக்கு எதுவும் விளங்காது. 'எண்ணெயில் காறல் வாடை வீசுகிறது', 'வறுவல் நமத்துவிட்டது' என்று கூறினால் எதனைத் திருத்த வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். காறல், நமத்தல், பிசுபிசுப்பு, பதம் முதலிய சொற்களைத் தமிழர் தம் வீட்டுச் சமையலறையில் வழிவழியாக வழங்கி வருகின்றனர். கடல் கடந்து வந்த உணவையும் அளந்தறிய அச்சொற்களே போதுமானவை.

சொற்பொருள்

பருக்கை – ஒற்றைச் சோறு
காறல் – கெட்ட எண்ணெயின் சுவை அல்லது வாடை
நமத்தல் – ஈரமேறி மொறுமொறுப்பு இழத்தல்
சீர்மை – ஒரே தன்மையாய் அமைதல்
விழுக்காடு – நூற்றுக்கு இவ்வளவு என்னும் அளவு

இலக்கணக் குறிப்பு

மொறுமொறுவென – இரட்டைக்கிளவி
உலர்பொருள் – வினைத்தொகை
நறுமணம் – பண்புத்தொகை
கண்ணும் மூக்கும் நாவும் – எண்ணும்மை

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. 'பதம்' என்பது யாது?
2. வறுவலை இருமுறை பொரிப்பது ஏன்?
3. சோற்றுப் பழமொழி வறுவலுக்கு முழுமையாகப் பொருந்தாதது ஏன்?

ஆ. கீழ்க்காணும் குறைகளுக்குரிய காரணங்களைப் பாடத்தின் துணைகொண்டு எழுதுக.
1. புதிய எண்ணெயில் பொரித்தும் வறுவல் கருகியுள்ளது.
2. வறுவல் வைத்த தாள் எண்ணெயில் நனைந்துள்ளது.
3. வீட்டுக்கு வந்த வறுவல் துவண்டுள்ளது.

இ. பிரித்து எழுதுக.
பொன்னிறம், ஒன்றாகிறது, அச்சர்க்கரை

ஈ. செயல்பாடு
வீட்டில் செய்த அப்பளம், வடை, முறுக்கு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதன் தரத்தை நிறம், மணம், ஒலி, சுவை என்னும் நான்கின் வழி ஆராய்க. அதன் பதத்தைக் குறிக்க வீட்டுப் பெரியோர் வழங்கும் தமிழ்ச் சொற்களைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.